அரசியல் செய்தியில் எதை நம்புவது, எங்கே பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். கதை, கவிதை பேசத்தான் தொடங்கினோம். தேர்தல் நெருங்கும் மாதங்களில் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஒருவர் கைப்பேசியை நீட்டி, “இது உண்மையா?” என்பார். இன்னொருவர், “எதைத்தான் நம்புவது?” என்று சலித்துக்கொள்வார். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், தேடிப் பார்த்துக் கண்டுபிடித்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியது.

ஒரே வரியில் சொல்லுங்கள்: எந்த இணையதளத்தை நம்பலாம்?

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தளம் கிடையாது. ஒரு வேட்பாளரின் சொத்து பற்றிய கேள்விக்குப் பதில் இருக்கும் இடம் வேறு, ஒரு திட்டத்துக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் இடம் வேறு. எந்தத் தகவலாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது பொய்யாக இருந்தால் யார் மாட்டுவார்?

வேட்பாளர் தன் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அமைச்சர் நாடாளுமன்றத்தில் தவறான பதில் தந்தால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். நாளிதழில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் சிறிய எழுத்திலாவது இருக்கும். வழக்குத் தொடர நினைப்பவருக்கு ஆள் இருக்கிறது. ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற இரட்டை அம்புக்குறியோடு வாட்ஸ்அப்பில் வருவதற்கு அப்படி யாரும் இல்லை. ஒரு தகவலுக்குக் கீழே கையெழுத்துப் போட ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினால் பாதி குப்பை தானாகவே ஒதுங்கிவிடும்.

எங்கள் தொகுதி வேட்பாளரைப் பற்றி நம்பகமாக எங்கே தெரிந்துகொள்வது?

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எந்தத் தேர்தல், எந்த மாநிலம், எந்தத் தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியல் வரும். பெயரைத் தொட்டால் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும்.

இந்த வசதி தானாக வந்ததில்லை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1999-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி வழக்குப் போட்டார்கள். வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2003 மார்ச் 13 அன்று அந்தத் திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு பக்கத்தைத் தொட்டால் திறக்கும் இந்தக் கோப்புக்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து பார்ப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

முதன்முதலில் ஒரு பிரமாணப் பத்திரத்தைத் திறந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வேட்பாளர் கையெழுத்து, அதன்மேல் பாதி மறைத்தபடி நோட்டரியின் வட்ட முத்திரை. சில எண்களைப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. ஆனால் பொறுமையாக உட்கார்ந்தால் அதில் இல்லாதது இல்லை. கையிருப்பு ரொக்கம், வங்கி வைப்பு, நகை எத்தனை கிராம், வாகனம், கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மனைவி அல்லது கணவரின் சொத்து, சார்ந்திருப்பவர்களின் சொத்து எல்லாம் இருக்கும். ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் இருக்கும். நிலம் என்றால் சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கியது எந்தத் தேதியில், எவ்வளவுக்கு, இன்றைய சந்தை மதிப்பு என்ன என்பது வரை எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘ஐந்தே ஆண்டில் சொத்து மூன்று மடங்கு’ என்று தலைப்பு வரும்போது, அதே நபரின் முந்தைய தேர்தல் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக நிலம் வாங்கியிருக்கிறாரா, அல்லது பழைய நிலத்துக்கே சந்தை மதிப்பு ஏறியிருக்கிறதா? இரண்டும் வேறு கதைகள். முதலாவது என்றால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இரண்டாவது என்றால் அதே தெருவில் வீடு வைத்திருக்கும் நமக்கும் அந்த உயர்வு நடந்திருக்கும்.

வேட்பாளர் மீது பத்து வழக்குகள் இருக்கின்றன. அவரை ஒதுக்கிவிடலாமா?

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரிவு எண்ணைப் படியுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143 என்பது சட்டவிரோதமாகக் கூடுதல், 188 என்பது அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், 341 என்பது வழிமறித்தல். சாலை மறியல் செய்தவர், அனுமதியில்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தியவர் மீதெல்லாம் வரிசையாக விழும் பிரிவுகள் இவை. தண்ணீருக்காக மறியல் செய்தவர் மீது பத்து வழக்கு இருக்கலாம். கொலை முயற்சிக்கான 307, மோசடிக்கான 420 ஆகியவற்றில் ஒரே வழக்கு உள்ளவர் அந்தப் பட்டியலில் ‘குறைவான வழக்கு’ உள்ளவராகத் தெரிவார். 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் எண்கள் மாறியிருக்கின்றன. பழைய 188 இப்போது 223.

அடுத்து, ‘குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டதா’ என்ற கட்டத்தைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை என்பது புகார் பதிவான நிலை. நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று கருதிய பிறகே குற்றச்சாட்டு பதிவாகும். ஆளுங்கட்சி மாறும்போது எதிர்க்கட்சியினர் மீது வழக்குகள் கூடுவதை நாம் எல்லாரும் பார்த்தவர்கள்தான். ஆகவே இந்தக் கட்டம் முக்கியம்.

மைநேதா தளத்தில் எல்லாம் சுருக்கமாக இருக்கிறதே, அது போதாதா?

தொடங்குவதற்குப் போதும். மேலே சொன்ன அதே சங்கம் நடத்துவது. கோப்புகளைப் படித்து அட்டவணையாக்கித் தருகிறார்கள், இரண்டு தேர்தல்களை ஒப்பிடவும் முடியும். ஒருவரைப் பற்றிப் பொதுவெளியில் எழுதப் போகிறீர்கள் என்றால் மூலக் கோப்பைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மங்கலான ஸ்கேனிலிருந்து தட்டச்சு செய்யும்போது யாருக்கும் ஒரு பூஜ்யம் தவறலாம்.

எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் வாயே திறப்பதில்லை என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு என்ற அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றை அதன் தளத்தில் காணலாம். புதிய மசோதா வந்தால் அதன் சுருக்கத்தையும் அங்கேயே படிக்கலாம். தொலைக்காட்சி விவாதத்தை ஒரு மணி நேரம் கேட்பதைவிட அந்த இரண்டு பக்கம் நிறையத் தரும்.

அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை. ஆகவே ‘அமைச்சராக இருக்கும் இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை’ என்று பகிரப்படும் படத்துக்கு அர்த்தமே இல்லை.

கேள்விகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் கேள்வியையே படியுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் (எழுத்தில் மட்டும் பதில் தருபவை) பட்டியலில் வரும். அத்தனைக்கும் பதில்கள் மக்களவைத் தளத்தில் தேதி, எண், அமைச்சகம் வாரியாக இருக்கின்றன. உங்கள் மாவட்டத்து ரயில் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அமைச்சரே எழுத்தில் தந்த பதில் அங்கே இருக்கலாம். ஊர் மேடைகளில் பேசப்படும் வாக்குறுதிகளை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

தொலைக்காட்சியின் சின்னத்தோடு நியூஸ் கார்டு வருகிறதே, அதை நம்பலாம்தானே?

தமிழ்நாட்டில் அரசியல் பொய் அதிகம் பயணம் செய்வது இந்த வடிவத்தில்தான். ஒரு தலைவரின் படம், பக்கத்தில் இரண்டு வரி, மூலையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் சின்னம். செய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

என் பெரியப்பாவுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்சித் தலைவர் முதியோர் ஓய்வூதியத்தை நிறுத்தச் சொன்னதாக ஒரு கார்டு. அவர் அந்த ஓய்வூதியத்தில் மாத்திரை வாங்குபவர். கை நடுங்க என்னிடம் காட்டினார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சின்னத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு இருந்தது, வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல. தேதி இருந்தது, நேரம் இல்லை. அந்தத் தொலைக்காட்சி வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துரு தடிமனாக இருக்கும், இதில் மெலிந்திருந்தது. ‘ஓய்வூதியம்’ என்பதில் ஒற்றுப்புள்ளி விழவில்லை. பிறகு அந்தத் தொலைக்காட்சியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கே போய் அந்தத் தேதிவரை கீழே இறங்கினோம். அன்று வந்த கார்டுகள் வரிசையாக இருந்தன. இது இல்லை. “அப்படியானால் பணம் வரும்தானே தம்பி?” என்று மூன்று முறை கேட்டார். அந்தக் கார்டைச் செய்தவன் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது.

எழுத்துருவையும் விளிம்பையும் மட்டும் நம்பிவிடாதீர்கள். நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் அவற்றைச் சரியாகவே செய்வார்கள். அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்பதுதான் தேர்வு. அங்கே இல்லையென்றால் சிலர் ‘நீக்கிவிட்டார்கள்’ என்பார்கள். அவ்வளவு பெரிய செய்தி என்றால் மற்ற நாளிதழ்கள் அனைத்தும் சேர்ந்து விட்டுவிட்டனவா என்று கேளுங்கள்.

செய்தியின் மொழியை வைத்தே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வினைமுற்றைப் பாருங்கள். ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பேசப்படுகிறது’. யாரால் கூறப்படுகிறது? யாருக்குத் தெரிகிறது? நம் மொழியில் எழுவாயை மறைத்து வாக்கியத்தை முடிப்பது மிக எளிது. அரசியல் செய்திகளில் அந்த வசதி அளவுக்கு மீறிப் பயன்படுகிறது. ஒரு செய்தியை எடுத்து இந்த வினைகள் வரும் வாக்கியங்களையெல்லாம் பென்சிலால் அடித்துப் பாருங்கள். வாசகர் வட்டத்தில் ஒருமுறை அப்படிச் செய்தோம். கூட்டணி பற்றிய ஒரு நீண்ட செய்தியில் மிஞ்சியது ‘இரு தலைவர்களும் ஒரு திருமணத்தில் சந்தித்துக்கொண்டனர்’ என்ற ஒரே வாக்கியம்.

‘கட்சி வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்பது இதிலிருந்து சற்று வேறுபட்டது. பெயர் சொல்ல முடியாதவர்களிடம் பேசித்தான் பல முக்கியச் செய்திகள் வெளிவருகின்றன. நல்ல செய்தியாளர் குறைந்தபட்சம் அந்த ஆள் எந்த நிலையில் இருப்பவர், ஏன் பெயர் வேண்டாம் என்கிறார் என்பதைச் சொல்வார். மறுதரப்பிடம் கேட்டதையும் எழுதுவார். யூடியூபில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ‘டெல்லியிலிருந்து எனக்கு வந்த தகவல்’ என்று தொடங்கினால், அதை அவருடைய ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன தேர்தலுக்கு முன் அவர் சொன்னது இன்னும் அவர் சேனலில் இருக்கும், போய்ப் பாருங்கள்.

கட்சி சார்ந்த ஊடகங்களை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். முரசொலி தி.மு.க.வின் நாளேடு, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு, கலைஞர் தொலைக்காட்சியும் ஜெயா தொலைக்காட்சியும் எந்தப் பக்கத்திலிருந்து பிறந்தவை என்பது ஊருக்கே தெரியும். ஒரு கட்சி என்ன நிலைப்பாடு எடுத்திருக்கிறது, தலைவர் அறிக்கையில் சரியாக என்ன சொன்னார் என்பதை அவர்களுடைய ஏட்டில் பார்ப்பதே நல்லது. எதிர்க்கட்சியைப் பற்றி அதில் எழுதுவதைத்தான் வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும். தன் சார்பை வெளிப்படையாகச் சொல்லும் ஏடு எனக்குப் பயம் தருவதில்லை. பெயரில் ‘உண்மை’, ‘நடுநிலை’ என்று வைத்துக்கொண்டு, யார் நடத்துகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாத பக்கங்கள்தான் பயம் தருகின்றன.

பெரிய பெரிய எண்கள் சொல்கிறார்களே. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு எண்களைப் பார்ப்போம். இரண்டும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்து நடமாடுபவை.

முதலாவது, 1,76,000 கோடி. கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலமில்லாமல் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் ஒரு எண் மட்டும் இல்லை. 3ஜி ஏலத்தில் கிடைத்த விலையோடு ஒப்பிட்டால் 1,76,645 கோடி. ஒரு நிறுவனம் தர முன்வந்த தொகையை வைத்தால் 67,364 கோடி. உரிமம் பெற்ற நிறுவனங்கள் விற்ற பங்குகளின் மதிப்பை வைத்தால் 57,666 கோடி முதல் 69,626 கோடி வரை. எல்லாமே அனுமான இழப்பு, அதாவது ஏலம் விட்டிருந்தால் அரசுக்கு வந்திருக்கக்கூடிய தொகை பற்றிய கணக்கு. மேடைக்கு வந்தபோது மிகப் பெரிய எண் மட்டும் தங்கியது. ‘இழப்பு’ என்பது ‘கொள்ளை’ ஆனது. மறுபக்கமும் முழுசாகச் சொல்லவில்லை. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரையும் விடுவித்தது. அந்த விடுதலைக்கு எதிரான சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஒரு தரப்பு முதல் தேதியை மட்டும் சொல்லும், இன்னொரு தரப்பு இரண்டாவதை மட்டும் சொல்லும். நான்கு ஆவணங்களும் பொதுவெளியில் இருக்கின்றன.

இரண்டாவது, 15 லட்சம். 2013 நவம்பர் 7 அன்று சத்தீஸ்கரின் காங்கேரில் நரேந்திர மோடி இந்தியில் பேசிய கூட்டத்தின் காணொலி இருக்கிறது. வெளிநாட்டில் பதுக்கிய பணம் மொத்தமும் திரும்பி வந்தால் ஒவ்வொரு ஏழைக்கும் 15, 20 லட்சம் சும்மாவே கிடைத்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். எல்லார் வங்கிக் கணக்கிலும் போடுவேன் என்ற வாக்கியம் அதில் இல்லை, பா.ஜ.க.வின் 2014 தேர்தல் அறிக்கையிலும் இல்லை. ‘அப்படி ஒன்றும் அவர் பேசவே இல்லை’ என்பதும் பொய். 15 லட்சம் என்ற ஆசையைக் காட்டி வாக்குக் கேட்டது சரியா என்று தாராளமாக விவாதியுங்கள். அவர் பேசியதை வைத்து விவாதியுங்கள்.

உண்மை சரிபார்க்கும் தளங்களை யார் சரிபார்ப்பது?

நியாயமான கேள்வி. தமிழில் யூடர்ன், ஆங்கிலத்தில் ஆல்ட் நியூஸ், பூம், ஃபேக்ட்லி போன்றவை இருக்கின்றன. அவர்கள் தரும் தீர்ப்பைவிட, அந்தத் தீர்ப்புக்கு வந்த வழியை நான் படிக்கிறேன். மூலக் காணொலிக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்களா, சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் பேசினார்களா, நானே அந்த வழியில் நடந்தால் அதே இடத்துக்குப் போவேனா? தவறு செய்தபோது திருத்தம் போட்டிருக்கிறார்களா? இவையெல்லாம் இருந்தால் அவர்களுடைய அரசியல் சார்பு என்னவாக இருந்தாலும் எனக்குப் பயன்தான்.

அரசுகளும் இந்த வேலையைச் செய்கின்றன. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் செய்கிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. ‘இப்படி ஒரு அரசாணை வெளியாகவே இல்லை’, ‘இந்த வேலைவாய்ப்பு அறிவிப்பு போலி’ என்பன போன்றவற்றில் இவர்கள் விரைவாகவும் சரியாகவும் சொல்வார்கள். அரசைக் குறை சொல்லும் செய்திக்கு அரசே ‘தவறு’ என்று முத்திரை குத்தும்போது அதை ஒரு தரப்பின் மறுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்குச் சட்ட அதிகாரம் தந்த விதித் திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததன் பின்னணியும் இதுதான்: தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க முடியாது.

கண்ணால் பார்த்த காணொலியையும் நம்பக்கூடாதா?

2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொலிகள் வடக்கே பரவின. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. காவல்துறை விளக்கியபோது, பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கிடையே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். காணொலி உண்மையானது, மேலே ஒட்டிய வாசகம்தான் பொய். பீகார் அரசு அனுப்பிய குழு இங்கே வந்து பார்த்த பிறகே நிலைமை தணிந்தது.

ஆகவே காணொலியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? வண்டி எண் எந்த மாநிலம்? காவலர் சீருடையும் பஸ்ஸின் நிறமும் என்ன சொல்கின்றன? ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் அது பழைய காணொலியா என்பது பல சமயம் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு இதைக் கடினமாக்கியிருக்கிறது. 2018-ல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலில் அவர் பிறந்தநாளன்று ஓர் உரை வெளியானது. இரண்டும் கட்சியினர் அறிந்து வெளிப்படையாகச் செய்தவை. அதே கருவி யார் கையிலும் கிடைக்கும் என்பதை அவை காட்டிவிட்டன. ஒலிப்பதிவு மட்டும் வந்தால், அதில் இருப்பவரின் மறுப்பு, ஆய்வக முடிவு இரண்டும் வரும்வரை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

அரசுத் தளத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

முகவரி ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று முடிந்தால் அது அரசுத் தளம் என்ற வரையில் உறுதி. எண் இறுதியானதா என்பது வேறு கேள்வி. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த மாலை 72.09 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. இறுதியில் அது 69.72 சதவீதம் ஆனது. உடனே சதி என்று எழுதினார்கள். முதல் எண் களத்திலிருந்து செயலி வழியாக அவசரமாக வந்த உத்தேசக் கணக்கு. எல்லாச் சாவடிகளின் விவரமும் அதில் இல்லை. முறையான கணக்கு ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் நிரப்பும் படிவம் 17சி. அதன் நகல் அங்கிருக்கும் கட்சி முகவர்களிடம் தரப்படும். சந்தேகம் உள்ளவர் கேட்க வேண்டியது தங்கள் கட்சி முகவரிடம் அந்தத் தாளை. முடிவு வந்த பிறகு சாவடி வாரியான வாக்குகள் படிவம் 20-ல் கிடைக்கும்.

கருத்துக்கணிப்புகள்?

2024 மக்களவைத் தேர்தலில், வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டு ஜூன் 1 அன்று வாக்குக்கணிப்பு வெளியிட்ட ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனம் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை என்றது. ஜூன் 4 அன்று வந்தது 293. எத்தனை பேரிடம், எங்கே, எப்போது கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லாத கணிப்பைப் படிக்கவே வேண்டாம்.

கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் பட்டியலையும் ஆண்டுத் தணிக்கைக் கணக்கையும் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். ஆணையத்தின் தளத்தில் அவை இருக்கின்றன. பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகு, 2019 ஏப்ரல் முதல் யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்ற பட்டியல்கள் மார்ச்சில் அங்கே வெளியாயின. அதிகம் பெற்றது பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல். பத்திரங்களை அதிகம் வாங்கி நன்கொடை தந்தது கோவையோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடிக்கு. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக தி.மு.க. ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. மேடையில் யார் யாரை எதற்காகத் திட்டுகிறார்கள் என்று கேட்கும் முன் அந்தப் பட்டியலில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

‘இந்தத் திட்டத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கினோம்’ என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

தமிழ்நாடு அரசின் நிதிநிலை ஆவணங்களில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே மூன்று வகை எண்கள் இருக்கும்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு. அறிவிப்பது முதலாவதை. செலவானது மூன்றாவதில் தெரியும், அதுவும் இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் ஆவணத்தில். இந்த இரண்டையும் ஒப்பிடும் வாசகர்கள் பெருகினால் அறிவிப்புகளின் தரமே மாறும் என்று நம்புகிறேன். துறைவாரியாக என்ன நடந்தது என்பதற்கு, துறைக்கான நிதியைச் சட்டமன்றத்தில் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள்; நல்ல தமிழில், அட்டவணைகளோடு இருக்கும். அரசாணை என்று யாராவது சொன்னால் எண், நாள், துறை மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இல்லாத அரசாணை கிடையாது.

எங்கேயும் கிடைக்கவில்லை என்றால்?

நீங்களே கேளுங்கள். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி உத்தரவின் நகல் தரவும்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் தெரு கழிவுநீர்க் கால்வாய் பற்றிய வாட்ஸ்அப் சண்டை ஒன்று ஆறு மாதம் ஓடியது. ஒரு அக்கா இப்படி ஒரு மனு போட்டார். நாற்பது நாள் கழித்து இரண்டு பக்கம் வந்தது, சண்டை முடிந்தது.

வீட்டுப் பெரியவர்கள் பொய்ச் செய்தி அனுப்பினால் எப்படிச் சொல்வது?

குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் ‘இது பொய்’ என்று எழுதாதீர்கள். நான் அப்படி எழுதி, சித்தப்பா ஒருவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது தனியாகக் கூப்பிடுகிறேன். “சித்தப்பா, அது எங்கிருந்து வந்தது? அந்த டிவி பக்கத்தில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்கிறேன். பெரும்பாலும், “சரி, விடு, நீக்கிவிடுகிறேன்” என்பார்.

பெரியப்பா இப்போது ஒரு படி மேலே போய்விட்டார். போன வாரம் அவரிடமிருந்து ஒரு நியூஸ் கார்டு வந்தது. கீழே அவரே தட்டச்சு செய்திருந்தார்: ‘தம்பி, அவர்கள் பக்கத்தில் தேடிவிட்டேன். இருக்கிறது. மாலை 6.40-க்குப் போட்டிருக்கிறார்கள்.’